வளைவை விட்டு வெளியே வரும்போது

3 பிப்ரவரி

வணக்கம்.

மேலே எந்த அழைப்பும் இல்லையே என்று கோபப்பட வேண்டாம். 'அண்ணி' என்று எழுதி அடித்தேன். நீங்களும் என் அண்ணனும் பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. அப்படிக் கூப்பிடும் உரிமை இன்னும் என்னிடம் இருக்கிறதா தெரியவில்லை. 'மேடம்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதனால் வெறும் வணக்கம்.

உங்கள் கார்ப் பந்தயப் பட்டறையின் முகவரி ஒரு மோட்டார் பத்திரிகையில் கிடைத்தது. போன் நம்பரும் போட்டிருந்தார்கள். ஆனால் நாம் கடைசியாகப் பேசிய பேச்சு உங்களுக்கும் மறந்திருக்காது. போன் என்றால் நான் பாதியிலேயே வாயை விட்டுவிடுவேன். கடிதம் என்றால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதலாம். கிழித்துக்கொண்டும் இருக்கிறேன்.

விஷயம் கார்தான். மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இப்போது நான் ஓட்டுநர். ஏழு பேர் உட்காரும் பெரிய கார். பின் சீட்டுகளை எடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன் சிலிண்டர், நர்ஸுக்கு ஒரு மடக்கு நாற்காலி எல்லாம் வைத்திருக்கிறோம். நடக்க முடியாதவர்களைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது என் வேலை. வழி முழுக்க வளைவு. வளைவுக்குள் நுழையும்போது ஒரு தொந்தரவும் இல்லை. பாதி திரும்பி, இனி வெளியே போகலாம் என்று ஆக்சிலரேட்டரில் கால் வைக்கிறேன் பாருங்கள், அப்போதுதான் கார் தன் புத்தியைக் காட்டுகிறது. பின்பக்கம் நழுவுகிறது. ஸ்ட்ரெச்சரில் இருப்பவர் ஒருபக்கமாக உருள, பட்டை இடுப்பை இழுக்க, அவர் வாய்விட்டுக் கத்துவது எனக்குக் கண்ணாடியில் தெரிகிறது.

இங்கே இருக்கும் பட்டறைக்காரர், "கனம் ஏறிப்போச்சும்மா, ஸ்பிரிங்கு தாங்கல" என்று தடித்த ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட்டார். இப்போது உருளுவதோடு குதிக்கவும் செய்கிறது.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "நிஜத்தைச் சொல்லு, வேகமா ஓட்டறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரா என்பது வேறு விஷயம். ஏப்ரல் முடிவதற்குள் சரியாகாவிட்டால் படுத்த நோயாளிகளை இந்தக் காரில் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு கீழேயிருந்து வாடகை வேன் வரும். அது எப்போது வரும் என்று அந்த வேனுக்கே தெரியாது. வாரா வாரம் போயே ஆகவேண்டியவர்கள் என்ன செய்வார்கள்?

வளைவிலிருந்து காரை ஒழுங்காக வெளியே எடுப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

வாலு
(இந்தப் பட்டம் நீங்கள் வைத்ததுதான். வேறு பெயர் போட்டால் அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று பயம்.)


14 பிப்ரவரி

வாலு,

கடிதம் கிடைத்தது. பந்தயம் நெருங்குகிறது, நேரம் இல்லை. காருக்கு மட்டும் பதில்.

தடித்த ஸ்பிரிங்கைக் கழற்று. பின்பக்கம் விறைத்துப் போனால் டயர் சாலையோடு ஒட்டாது. பழையதையே போடு. பின் டயர்களில் காற்று அதிகம் இருக்கும், குறை. சிலிண்டர் நிற்கிறதா, படுத்திருக்கிறதா? நின்றால் தரையோடு படுக்க வைத்துக் கட்டு.

ஸ்டியரிங் நேராக ஆக ஆகத்தான் ஆக்சிலரேட்டர். திரும்பவும் வேண்டும், ஓடவும் வேண்டும் என்று டயரிடம் ஒரே நேரத்தில் கேட்டால் அது இரண்டையும் தராது.

வேறு விஷயங்கள் எழுத வேண்டாம்.


2 மார்ச்

மரியாதைக்குரிய காருக்கு மட்டும் பதில் எழுதுபவருக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தோம். மோசமாகிவிட்டது.

பழைய ஸ்பிரிங் தொங்கிப்போன ஸ்பிரிங். ஸ்ட்ரெச்சரில் ஆள் ஏறியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. வளைவை விட்டு வெளியே வந்த பிறகும் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது. நர்ஸ் வாந்தி எடுத்தார். பட்டறைக்காரர் என்னைப் பார்த்து, "பெரிய எடத்துல கேட்டியாமே?" என்று ஒரு சிரிப்பு சிரித்தார். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அப்புறம் ஆக்சிலரேட்டர் பாடம். கேளுங்கள். நான் இந்தச் சாலையில் தினமும் ஓட்டுகிறேன். ஸ்டியரிங் நேராகாமல் நான் மிதிப்பதில்லை. மிதித்தால்தானே தப்பு? இடப்பக்க வளைவில் கோழி இறகை மிதிப்பது போலத்தான் கால் வைக்கிறேன், அப்போதும் பின்பக்கம் வெளியே போகிறது. வலப்பக்க வளைவில் அதே மாதிரி கால் வைத்தால் பின்பக்கம் சும்மா இருக்கிறது, மூக்கு உள்ளே வர மாட்டேன் என்கிறது. நான் கண்மண் தெரியாமல் ஓட்டுகிற ஆளாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே போகும்? டாக்டரம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குமா?

சிலிண்டரைப் படுக்க வைத்தது மட்டும் நல்லது. அதற்கு நன்றி. நன்றி சொல்லக்கூடாது என்று நீங்கள் எழுதவில்லை.

வாலு


10 மார்ச்

வாலு,

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன். இடப்பக்கம், வலப்பக்கம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம் வந்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கக்கூடாதா? தப்பு என்னுடையதும்தான், நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மருந்து எழுதிவிட்டேன். நர்ஸிடம் என் வருத்தத்தைச் சொல்.

இங்கே என் ஓட்டுநர்கள் வண்டியை விட்டு இறங்கி, "கார் சரியில்ல" என்பார்கள். எங்கே, எப்போது, எந்தக் காலால் என்று அவர்கள் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் பொழுது போய்விடும். நீ திட்டும் வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய்.

கவனமாகக் கேள். பின் அச்சைக் காரின் உடம்போடு இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. கைகளின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். இடது புஷ் கிழிந்திருந்தால், நீ ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இடது சக்கரம் மட்டும் கொஞ்சம் முன்னால் நகரும். அச்சு கோணலாகும். நீ ஸ்டியரிங்கைத் தொடாமலே பின் சக்கரங்கள் தாமாகத் திரும்புகின்றன என்று வைத்துக்கொள். இடப்பக்கம் திரும்பினால் பின்பக்கம் வெளியே ஓடும். வலப்பக்கம் திரும்பினால் மூக்கு அடம் பிடிக்கும். நீ எழுதியது அப்படியே இதுதான்.

சோதித்துப் பார். சமதரையில், முன் சக்கரங்கள் இரண்டையும் பெரிய கல்லில் முட்டவைத்து நிறுத்து. பின் சக்கரத்துக்கும் மேலே உள்ள வளைவுத் தகட்டுக்கும் நடுவில் இடைவெளியை இரண்டு பக்கமும் சாக்பீஸால் குறி. காருக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக்கூடாது. முதல் கியரில் கிளட்சை மெல்ல, வண்டி முக்குகிற அளவுக்கு மட்டும் விடு. தள்ளி நின்று ஒருவர் பக்கவாட்டில் பார்க்கட்டும்.

ஷாக் அப்சார்பரின் நீளத்தையும் இரண்டு முனைகளின் அளவையும் எழுது. ஸ்ட்ரெச்சரில் வழக்கமாகப் போவது யார், எவ்வளவு எடை, உடம்புக்கு என்ன என்றும் எழுது. எந்தக் குலுக்கல் அவருக்கு ஆகாது என்று தெரிந்தால்தான் மேலே யோசிக்க முடியும்.

நீ ஒழுங்காக ஓட்டுகிறாய். இதை டாக்டரிடம் காட்டலாம்.


21 மார்ச்

அண்ணி,

எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை. பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.

இடது சக்கரம் ஒரு விரல் அகலம் முன்னால் வந்தது! வலது பக்கம் அசையவே இல்லை. நர்ஸ்தான் தள்ளி நின்று பார்த்தார். "அய்யய்யோ நடக்குது, நடக்குது!" என்று கத்தினார். என்ன நடக்கிறது என்று பார்க்க ஆஸ்பத்திரியே வெளியே வந்துவிட்டது. டாக்டரம்மாவும் வந்தார். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் ஒரு விரல். உங்கள் கடைசி வரியைக் காட்டினேன். படித்துவிட்டு, "உன்கிட்ட நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது" என்றார். அவ்வளவு பேர் முன்னால் சொன்னார், அண்ணி. அன்றைக்கு டீயில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

பட்டறைக்காரர் காரைத் தூக்கி இடது கையைக் கழற்றினார். புஷ் இரண்டாகக் கிழிந்து, ரப்பர் பிய்த்த ரொட்டி மாதிரி இருந்தது. மனுஷன் அதைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு புதுப் புஷ்ஷை மாட்டும்போது அவரே ஒன்று கண்டுபிடித்தார். போல்ட் போகும் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. "இதை இப்டியே விட்டா ஆறு மாசத்துல பழைய குருடி கதவைத் திறடிதான்" என்று சொல்லி, கனமான வளையம் வைத்து வெல்டிங் செய்து ஓட்டையை வட்டமாக்கினார். உங்களிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

இப்போது பின்பக்கம் நழுவுவதில்லை. மிதித்தாலும் திருப்பிய பக்கமே போகிறது. ஆட்டம்தான் பாக்கி. வளைவை விட்டு வெளியே வந்ததும் பின்பக்கம் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து எழுகிறது. அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

ஸ்ட்ரெச்சரில் பலர் போகிறார்கள். வாரா வாரம் தவறாமல் போவது ஒருவர். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனவர். ஒல்லி. குதிப்பது ஆகாது, முறுக்குவது அதைவிட ஆகாது. கீழே ஆஸ்பத்திரியில் தரும் நடைப் பயிற்சிக்குத் தொடர்ந்து போனால் எழுந்து நடப்பார் என்கிறார்கள். ஒரு வாரம்கூட விடக்கூடாது. குலுங்கினால் சத்தம் போடமாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்கள் சத்தம் போடுவதைத் தாங்கிக்கொள்கிறேன், இவர் சும்மா இருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அப்பாதான், அண்ணி.

வாலு


27 மார்ச்

வாலு,

மாமா என்று முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கக்கூடாதா? நான் 'வேறு விஷயங்கள் எழுத வேண்டாம்' என்று எழுதிய காகிதத்தை இப்போது எங்கே போய்த் தேடிக் கிழிப்பது? சொன்னால் இரக்கப்பட்டுச் செய்வேன் என்று நினைத்தாயா? செய்தால்தான் என்ன? எனக்கு உன்மேல் கோபம். நாலு வருஷத்துக் கோபம் இல்லை, அது எப்போதோ ஆறிவிட்டது. இது புதுசு.

"நீங்க காரைத்தான் கட்டிக்கிட்டிருக்கணும், எங்க அண்ணனை இல்ல" என்று நீ அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னாய். இங்கே என்னோடு வேலை செய்பவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சொன்னது நீ என்பதால் மட்டும்தான் அன்றைக்கு வலித்தது. இதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இனி நீயும் எடுக்காதே.

மாமா தைத்துக் கொடுத்த வேலைச் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்தப் பை எந்த ஸ்பேனருக்கு என்று கேட்டு அளவெடுத்துத் தைத்தவர் அவர் ஒருவர்தான். என் வேலையை அந்த வீட்டில் முதலில் புரிந்துகொண்டவர் தையற்காரர். அதற்கு நான் அவருக்கு ஒழுங்காக நன்றி சொன்னதே இல்லை.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். இரண்டு ஷாக் அப்சார்பர், இரண்டு ஸ்பிரிங். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையிலேயே பிரித்து உள்ளே வால்வுகளை மாற்றியிருக்கிறேன். பந்தயக்காரில் நான் செய்வதற்கு நேர் எதிராக. அங்கே கார் சீக்கிரம் நிலைக்கு வரவேண்டும், உள்ளே இருப்பவரின் முதுகைப் பற்றிக் கவலை இல்லை. இங்கே கார் நிதானமாக நிலைக்கு வரட்டும். நீ ஆக்சிலரேட்டரில் கால் வைத்ததும் காரின் எடை முன்னாலிருந்து பின்னால் போகிறது. போகத்தான் வேண்டும். ஓடிப்போய் விழாமல் நடந்துபோய் உட்கார்ந்தால் போதும். ஸ்பிரிங் பழையதற்கும் தடித்ததற்கும் நடுவில்.

ஷாக் அப்சார்பரின் அடியில் ஒரு திருகு இருக்கும். நடுவில் வைத்து ஆரம்பி. வளைவை விட்டு வந்த பிறகு பின்பக்கம் ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. மறுபடி எழுந்தால் இறுக்கு. சின்னப் பள்ளத்துக்கே முதுகில் குத்தினால் தளர்த்து. இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, அவசரப்படாதே. நீ அவசரப்படுவாய் என்று எனக்குத் தெரியும்.

ஓட்டையைக் கண்டுபிடித்த பட்டறைக்காரருக்கு என் வணக்கம். இவ்வளவு தூரத்திலிருந்து அது எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. அவரே மாட்டட்டும்.

அண்ணி


18 ஏப்ரல்

அன்புள்ள அண்ணி,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனா மூடியைக் கடித்துக் கடித்துத் தட்டையாக்கிவிட்டேன்.

நடுவில் வைத்து ஆரம்பித்தோம். மணல் மூட்டைகளை ஸ்ட்ரெச்சரில் கட்டிக்கொண்டு வளைவு வளைவாகப் போய்வந்தேன். முதல் நாள் குத்தியது, தளர்த்தினோம். அடுத்து ஆடியது, அரைத் திருகு இறுக்கினோம். பட்டறைக்காரர் பின்னால் மூட்டைகளோடு தானும் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆங், வை, தொடாத!" என்று கண்ணை மூடிச் சொன்னார், ஏதோ பாட்டுக்குச் சுதி சேர்ப்பவர் மாதிரி. அவருக்கு அந்த ஷாக் அப்சார்பர்மேல் அப்படி ஒரு காதல். தினமும் துடைக்கிறார்.

பிறகு டாக்டரம்மா வந்தார். "மூட்டை பேசாது. நானே படுக்கறேன், ஓட்டு" என்று ஏறிப் படுத்துவிட்டார். வழியெல்லாம் அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது, கீழே போய்த் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். அப்போதும் சத்தமில்லை. நர்ஸ் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா தூங்குகிறார், அண்ணி! லேசாகக் குறட்டைகூட.

"எழுப்பவா?" என்றார் நர்ஸ்.

"வேணாம். அவங்க கடைசியா எப்ப தூங்கினாங்களோ."

நிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டு வெளியே நின்றோம். எழுந்ததும், "ஏன் கிளம்பாம நிக்கறே?" என்று கேட்டார். வந்து சேர்ந்துவிட்டோம் என்றதும் சுற்றிப் பார்த்துவிட்டு, முடியைச் சரிசெய்துகொண்டு, "சரி. வர்ற வாரத்துலேர்ந்து எல்லாரையும் ஏத்து. வேன் வேணாம்னு நான் சொல்லிடறேன்" என்றார்.

மறுவாரம் அப்பா. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் படுத்தார். கண்ணாடியில் அவர் கையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டாவது வளைவு தாண்டியதும் கை கம்பியை விட்டது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சின்மேல் வந்து உட்கார்ந்தது. இறங்கும்போது சொன்னார்: "வளைவும் நேர் ரோடும் சேர்ற எடத்துல தையலே தெரியலம்மா. யாரு தச்சது?"

உங்கள் பேரைச் சொன்னேன். அண்ணன் முகத்தை நினைத்து வீட்டில் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். அப்பா காரின் கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணுக்குத் துணியை நேரா வெட்டத் தெரியாது. ஆனா அளவு தப்பாது" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், என்னிடம் மட்டும் என்ன இரும்புக் கண்ணா இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அப்பாவைப் பார்க்க வந்தான். பட்டறைக்கு வந்து, தூக்கி நிறுத்தியிருந்த காருக்கடியில் போய் நின்று பார்த்தான். "அவ வேலை சுத்தமாத்தான் இருக்கும்" என்றான். போகும்போது, "நன்றின்னு எழுதச் சொல்லல. ஆனா எழுதினா நல்லாருக்கும்" என்றான். எழுதிவிட்டேன்.

என் பங்கு தனி. என்னை நம்பினீர்கள். நான் ஓட்டுவது எப்படி என்று பார்க்காமலே, நான் எழுதியதை வைத்து நம்பினீர்கள். ஒருநாள் வாருங்கள். அப்பா கேட்கிறார்.

உங்கள் வாலு


9 ஜூன்

அன்புள்ள வாலு,

உங்களைப் பார்த்துவிட்டு ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். பையைப் பிரிக்கவில்லை, முதலில் இதை எழுதுகிறேன்.

மாமா வாசல்வரை கைத்தடியோடு வந்து நின்றதை நீ எனக்கு முன்கூட்டியே எழுதாதது நல்லது. எழுதியிருந்தால் நான் தயாராகி வந்திருப்பேன். நான் போட்டுவந்த அந்த வேலைச் சட்டையின் கிழிந்த பையைப் பார்த்ததும், 'வா' என்றுகூடச் சொல்லாமல், "ஊசி எங்க?" என்று கேட்டாரே, அந்த மாதிரி வரவேற்பு எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை. உன் அண்ணன் அன்றைக்கு வராமல் இருந்ததற்கும் நன்றி. அவன் வராதது மரியாதைக்காக என்று எனக்குப் புரிந்தது. அவனிடம் சொல்.

நான் சொல்ல வந்தது வேறு. நர்ஸின் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து உன்னோடு கீழே வந்தேனே, அந்தப் பயணம். இத்தனை வருஷ வேலையில் நான் சரிசெய்த காரின் பின்னால் நான் உட்கார்ந்ததே இல்லை. பந்தயக்காரில் பின்னால் இடமே கிடையாது. கார் எனக்கு எப்போதும் தூரத்தில், ஒரு வளைவில் மறைந்து இன்னொரு வளைவில் தெரிகிற சத்தம்தான். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் குறைந்தால் கைதட்டுவார்கள், குறையாவிட்டால் என்னைப் பார்ப்பார்கள். நன்றி என்ற சொல் அந்த இடத்தில் புழங்குவதில்லை. நீதான் கடிதத்தின் ஏதாவது ஒரு மூலையில் அதை எழுதினாய், கோபமாக எழுதிய கடிதத்திலும்கூட. அதனால்தான் நான் மறுபடி மறுபடி பதில் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

நீ ஓட்டுகிறதையும் பார்த்தேன். உன் வலது காலைத்தான் பார்த்தேன், சாலையை இல்லை. எனக்கு அப்படி ஓட்டத் தெரியாது.

அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் இருந்த அந்த அம்மா, இடுப்பு எலும்பு முறிந்தவர், ஏறியதிலிருந்து தன் மகளின் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், காபி ஆறிப்போனது, மாப்பிள்ளையின் தம்பியைத்தான் மாப்பிள்ளை என்று நினைத்து எல்லோரும் உபசரித்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இடப்பக்க வளைவு வந்தது. நீ திரும்பினாய், மிதித்தாய், வெளியே வந்தாய். பின்பக்கம் ஒருமுறை எழுந்து அடங்கியது, எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அந்த அம்மா ஒரு சொல்கூட நிறுத்தவில்லை.

அண்ணி